பதினேழாம் எண் விவசாயி

"பதினேழாம் நம்பர் விவசாயியை நேர்ல பார்க்காம நான் ஊர் திரும்பறதா இல்லை" என்றார் சிவசங்கரன்.

பெரிய வீட்டுப் பண்ணைக் கணக்குப்பிள்ளை பஞ்சநதம் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"அவரு காரைக்கால் போயிருக்காருங்க சார். வர நாளாகும். என்ன வேணுமோ என்கிட்டக் கேளுங்க, சொல்றேன்."

"போன வருஷமும் அவருக்காக நீங்கதானே பதில் சொன்னீங்க? பேரையாவது சொல்லுங்க."

"பேரெல்லாம் வேண்டாம்னு உங்க பசங்கதானே சொன்னாங்க? இப்ப வந்து கேக்குறீங்களே" என்றபடி எச்சில் துப்ப எழுந்து போன பஞ்சநதம் திரும்பி வரவே இல்லை.

பெயர் வேண்டாம் என்றது சிவசங்கரனேதான். தஞ்சாவூர்க் கல்லூரியில் அவர் பொருளாதாரப் பேராசிரியர். நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்து, ஒரே குடும்பத்தின் பேரில் அதற்கு மேல் இருந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று குடவாசல் பக்கத்தில் நாற்பது பேரிடம் மாணவர்களை அனுப்பி விசாரித்திருந்தார். கொடியும் போலீசுமாக ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பெயர் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று வயலின் சர்வே எண்ணையும் ஒரு வரிசை எண்ணையும் மட்டும் குறித்துவரச் சொல்லியிருந்தார்.

கட்டுரையைப் போடுவதாக டெல்லிப் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு. 'பதினேழாம் எண் விவசாயியிடம் மாடு இல்லை, ஏர் இல்லை, சொசைட்டிக் கடனும் இல்லை. ஆனால் நாற்பது பேரில் அவருக்குத்தான் விளைச்சல் அதிகம். இது எப்படி? நேரில் பார்த்து மாதக் கடைசிக்குள் எழுதவும்.'

அந்தக் கேள்வி சிவசங்கரனையும் நாலு நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. நாற்பது சர்வே எண்களையும் வரிசையாகக் குறித்து, அவற்றின் பட்டா யார் யார் பேரில் இருக்கிறது என்று பட்டியல் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

ஆளைத்தான் பார்க்க முடியவில்லை, வயலையாவது பார்ப்போம் என்று வரப்பில் நடந்தார். புரட்டாசி மாதம். பத்துப் பெண்கள் சேற்றில் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது யார் வயல்மா?"

நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒருத்தி நிமிர்ந்தாள். "பெரிய வீட்டு வயலுங்க."

"ரெக்கார்டுல அப்படி இல்லையே. யாரோ ஒரு சின்ன விவசாயிதுன்னு இருக்கு. அவர் இங்க வருவாரா?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி யாரையும் நாங்க பார்த்ததில்லைங்க. இருபது வருஷமா நான் இதுல நட்டு, களையெடுத்து, அறுத்துக்கிட்டிருக்கேன். வரப்புல வந்து நின்னா தெரியாமலா போகும்?"

"சரி, இங்க மட்டும் நெல் எப்படி இவ்வளவு காணுது?"

அவள் சேற்றுக் கையால் வடக்கே காட்டினாள். "அந்த மூலை பள்ளங்க, தண்ணி வடியாது. அங்க ஐ.ஆர். எட்டு போட்டா அழுகிப் போயிடும். அதனால பழைய நெல்லு. மேட்டுல மட்டும் புது நெல்லு. சித்திரையில வாய்க்கா வண்டலை அள்ளிக் கொட்டிடுவோம். நாத்து முத்தறதுக்குள்ள பறிச்சிடணும், அவ்வளவுதான்."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"நடுறவளுக்கு யாருங்க சொல்லணும்? பெரிய வீட்டு ஐயாவே எங்கிட்டதான் கேப்பாரு. நான் சொல்ற மாதிரிதான் செய்வாரு."

சிவசங்கரன் வரப்பிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார். எழுதுகிற அவரை அவளும் வேடிக்கை பார்த்தாள்.

"சார், அந்த ஆளை நீங்க பார்த்தா ஒண்ணு சொல்லுவீங்களா?"

"சொல்லுங்க."

"நடவுக் கூலியில அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டு எட்டு நாளா அலையறோம். பெரிய வீட்டுல முடியாதுங்கறாங்க. நெலம் அவருதுன்னா அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமில்லீங்களா?"

"பார்த்தா கண்டிப்பா சொல்றேன்மா. உங்க பேரு என்ன? கட்டுரையில உங்களுக்கு நன்றி போடணும்."

முழங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள் அவள். "எம் பேரு புத்தகத்துல வருமா? ராசம்மாங்க. அரசப்பன் பொஞ்சாதின்னு சேத்துப் போடுங்க. இந்த ஊருல மூணு ராசம்மா இருக்கோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூர் வீட்டில் சிவசங்கரன் ஆசிரியருக்கான பதிலை டைப் அடித்து முடித்தார். விளைச்சலுக்குக் காரணம் மாடோ கடனோ அல்ல, நடவு நடுகிறவர்களின் அனுபவம்தான் என்று விவரமாக எழுதியிருந்தார். கடைசி வரியில் மறக்காமல், கூலிக்கு நாற்று நடும் அரசப்பன் மனைவி ராசம்மாளுக்கு நன்றி சொல்லியிருந்தார். மனத்தில் ஒரு குறைதான். பதினேழாம் எண் ஆசாமி யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

"தாலுகா ஆபீஸ்லேர்ந்து கவர் வந்திருக்கு" என்றபடி அவர் மனைவி பாகீரதி கூடத்துக்கு வந்தாள்.

"பட்டியலாத்தான் இருக்கும். பிரிச்சுப் படி. பதினேழாவதா யார் இருக்கா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக் கீழே வந்தாள்.

"பதினஞ்சு நல்லக்கண்ணு, பதினாறு இளையபெருமாள்... இதோ, பதினேழு. நாலு ஏக்கர் அறுபது சென்ட், பட்டாதாரர் ராசம்மாள், கணவர் பெயர் அரசப்பன்."