இன்னொரு கை

முதுகு கிழிகிற மாதிரி வலிக்கிறதென்று கணவர் கனகராஜ் மலேசியாவின் ஈப்போ ஆஸ்பத்திரியில் துடித்துக்கொண்டிருந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரரை விசாரிக்காமல் கலாதேவியால் இருக்க முடியவில்லை.

"அண்ணே, எந்தத் தோட்டத்துல வேலை?"

"சிம்பாங் பூலாய் பக்கம்லா. உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கையிலயும் பிரஷர் பாக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு கையிலதான் பாத்தாங்க."

அவள் நச்சரிப்புத் தாங்காமல் டாக்டர் ஹரிஷாந் மறு கையிலும் பார்த்தார். முதல் கையில் இருந்த அளவில் பாதிதான் இருந்தது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சையில் கனகராஜ் பிழைத்தார்.

"யாரு அக்கா சொல்லிக்கொடுத்தது?" என்றார் டாக்டர்.

"பக்கத்துக் கட்டில் சன்னாசி அண்ணந்தான். கழுத்துல மச்சம். தைப்பூசம் கழிச்சு மகளுக்குக் கல்யாணமாம்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளருகே உட்கார்ந்தார்.

"அவர் நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே அந்தக் கட்டில்ல இறந்துட்டாரு அக்கா. ஒரு கையில மட்டும் பாத்தது நாந்தான்."