ஈரத்தலை

பதினைந்து வயது மகள் கப்பலில் ஏறியதிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்பா கெஞ்சிப் பார்த்தும் அறையை விட்டு அசையவில்லை. அன்று காலையும் அம்மா மட்டும்தான் மேல்தளத்துக்குப் போனாள்.

அங்கே நீச்சல் குளத்தில் ஒரு சின்னக் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிக்கொண்டிருந்தது. அம்மா கத்துவதற்குள் மகள் எங்கிருந்தோ ஓடிவந்து, உடுத்திய துணியோடு குதித்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக் கரைசேர்த்தாள். அது இருமி, அழுதது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மாவுக்கு நெஞ்சு பூரித்துப்போனது. மகளுக்கு நீச்சல் தெரியாது என்பதே நினைவுக்கு வரவில்லை.

"நடுங்குறியேடி! இரு, துண்டு எடுத்துட்டு வரேன்" என்று கீழே ஓடினாள்.

அறையில் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு மேலே திரும்பினாள்.

குளத்தருகே, குழந்தையைக் காப்பாற்றியவள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அதே முகம். அம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு துண்டைப் போர்த்தி, தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"எப்படிடி உனக்கு இவ்வளவு தைரியம்?"

"நீ பாத்துட்டு இருந்தியேம்மா."

பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, யாரும்மா அது?"

அம்மா திரும்பவில்லை.

"கொஞ்சம் இரு கண்ணு. இவளுக்கு இன்னும் ஈரம் போகல."