வாழ்க்கை வரலாறும் பூட் மோடும்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அத்தானின் சுயசரிதையைத் தாங்கிய கம்ப்யூட்டருக்கு இன்று புது சிஸ்டம் ஏற்றப்படுகிறது. ஆகவே வீட்டில் யாரும் மிக்சி போடக் கூடாது. தும்முகிறவர்கள் வாசலுக்குப் போய்த் தும்ம வேண்டும்.

அறிவித்தவர் அத்தானேதான். துணை மேலாளராக ஓய்வு பெற்றவர். எண்ணூறு பக்கம் எழுதியும் கதாநாயகர் இன்னும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் அக்காவை உட்காரவைத்து ஒரு அத்தியாயம் வாசிப்பார்.

கடையிலிருந்து ஆளைக் கூப்பிடத்தான் நினைத்தார். அக்கா விடவில்லை.

"என் தம்பி இருக்கறப்ப வெளியாள் எதுக்குங்க?"

தம்பி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான். அவன் கைவைத்த அயர்ன்பாக்ஸோ போனோ அதற்குப் பிறகு கண் திறந்ததில்லை. அப்படிப்பட்டவனை நம்ப உலகத்தில் ஒரு ஜீவன்.

"முதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துக்கறேன்க்கா."

"உம்மேல உனக்கே நம்பிக்கை இல்லையா? நேரா செய்டா."

கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பழைய பூட் மோடில் புது சிஸ்டம் ஏறாது. முதலில் டிஸ்க்கின் அமைப்பை மாற்றிவிட்டு, அப்புறம்தான் பூட் மோடை யூஈஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். உணர்ச்சிவசப்பட்டிருந்த தம்பி, இரண்டாவதை முதலில் செய்தான். திரை இருண்டது. டிஸ்க்கே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

அத்தான் நாற்காலியில் சரிந்தார். "போச்சு மாப்ளே. என் வாழ்க்கையே போச்சு."

"போனா போகட்டும்ங்க, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று அக்கா அவர் தோளைத் தடவினாள். திட்டக்கூட இல்லையே என்று தம்பிக்குக் கண் கலங்கியது. இவளுக்காகவாவது ஜெயித்துவிட வேண்டும்.

பூட் மோடைப் பழையபடி திருப்பினான். டிஸ்க்கின் அமைப்பை மாற்றினான். மறுபடி பூட் மோடுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். கண்ணில்லாத பூனை விட்டத்தில் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் விட்டமும் இருந்தது.

புது சிஸ்டம் ஏறியது. எண்ணூறு பக்கமும் ஒரு கமா குறையாமல் வந்து நின்றன.

அத்தான் அவனைக் கட்டிக்கொண்டார். "எமன் வாயிலேர்ந்து மீட்டுட்டே மாப்ளே. இன்னிக்கு நாலு அத்தியாயம் வாசிக்கிறேன். நீயும் உட்காரு."

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன்னை நம்பித்தானேடா இந்த வேலையக் குடுத்தேன்."