முதல் பதிவு

பத்து மணிக்கு ஜல்லிக்கட்டு மாடுகளுக்கான இணையப் பதிவைத் திறக்க வேண்டும். ஒன்பதே முக்கால் வரை எங்கள் டேட்டாபேஸ் யாரையும் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நிரல் எழுதும் எடிட்டரில் தேடினேன். பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. அழித்தேன்.

“உள்ள போயிருச்சு மாப்ள!” என்று கத்தினேன். பக்கத்து மேசை முத்துப்பாண்டி நாற்காலியோடு உருண்டு வந்தான். தல்லாகுளம் அலுவலகமே கைதட்டியது.

காலியாக இருக்க வேண்டிய பட்டியலில் ஒரு மாடு இருந்தது. பெயர் செவலை. உரிமையாளர் சுருளி, டி. கல்லுப்பட்டி.

“எங்கப்பாடா! ஆனா செவலையைப் போன தையிலேயே பொதைச்சுட்டோமே” என்றான் முத்துப்பாண்டி.

படத்தைத் திறந்தோம். இன்று காலை எடுத்தது என்றது அதிலிருந்த தேதி.

“செவலையேதான்! உடம்பு எம்புட்டுத் தேறிருச்சு பாரு மாப்ள!” என்று திரையைத் தடவினான் முத்துப்பாண்டி.

கொம்பெல்லாம் ஈரமண்.