நல்ல காற்று

சந்தில் நின்று அவள் சுவரைப் பார்த்தாள்.

மண்சுவர். முழங்கால் உயரத்தில் ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சு.

அந்த இடம் அவளுக்குத் தெரியும்.

கையில் க்ஷயரோக ஆஸ்பத்திரியின் நோட்டு. பையில் நோயாளி துப்புவதற்கான மூடி போட்ட தகரக் குவளை. வீடு வீடாகப் போய், நோயாளி படுத்திருக்கும் இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த நோய்க்கு மருந்தென்று ஒன்று இன்னும் யாரிடமும் இல்லை. காற்று, வெயில், பால். அவ்வளவுதான். காற்றில்லாத மூலையில் கிடப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டில் உண்டு.

மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள்.

இன்று காலை ஒன்று காலியாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்று டாக்டர் அவள் நோட்டுக்காகக் காத்திருக்கிறார்.

புறவாசல் கதவு பாதி திறந்தது. குற்றாலலிங்கத்தின் இரண்டாம் மனைவி. மூக்கின் மேல் முந்தானை. வந்திருப்பவள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

கேட்க வேண்டியதை வந்தவள் கேட்டாள். புருஷன் எங்கே படுத்திருக்கிறார், காற்று வருகிறதா என்று.

“நல்லா காத்து வருது யக்கா. எழுதிக்கோங்க.” பிறகு ஏதோ தோன்றியவள்போல, “உங்க ஆஸ்பத்திரில காத்தையா காய்ச்சி ஊத்துதாங்க?” என்று சிரித்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. யாரும் போவதில்லை. வீட்டார் சொல்வதைச் சந்தில் நின்றபடியே எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் மட்டும் போவாள். எந்தக் கதவையும் தட்டித் திறக்க வைப்பாள். ஆறு மாதத்தில் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை.

இன்று தட்டவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தச் சுவருக்குப் பின்னால் அவள் அக்கா கிடந்தாள். செண்பகவடிவு. ஜன்னல் இல்லாத விறகறை. நல்ல காற்று வருகிறது என்று அக்கா புருஷன் குற்றாலலிங்கம் சொன்னான். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிப் போனார்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே பழைய நோட்டுகளைத் தேடி அந்த வரியைப் படித்தாள்.

செண்பகவடிவு. வயது இருபத்திரண்டு. நல்ல காற்று. கட்டில் தேவையில்லை.

முத்து முத்தான கையெழுத்து.

செத்துப்போன அக்காவைக் குளிப்பாட்டியபோதுதான் கண்டாள். பத்து விரல்களின் நகத்திலும் மண்.

அன்று யாரும் பார்க்காத நேரத்தில் இந்தச் சந்துக்கு வந்தாள். சுவரில் ஓர் ஓட்டை. பாயில் படுத்திருப்பவளின் வாய் எட்டும் உயரம். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள். சரியாகப் போயிற்று.

இரண்டாம் கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தபோது குற்றாலலிங்கம் அதை அடைத்துவிட்டான். ஆள் வைத்துச் செய்தால் கேள்வி வரும். தன் கையாலேயே பூசினான். நான்கு விரல்களின் தடம் பூச்சில் இன்னும் இருந்தது.

உள்ளே இருமல். நெடுநேரம் அடங்காத இருமல்.

பிறகு சுரண்டும் சத்தம்.

அதே இடத்தில்.

அவள் குடையைச் சாய்த்து வைத்தாள். குந்தினாள். பென்சிலால் பூச்சைக் குடைந்தாள். முனை ஒடிந்தது. நகத்தால் கீறினாள்.

உள்ளே சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

இரண்டு பக்கமும் சுரண்டினார்கள். சுண்ணாம்பு பொரிந்து அவள் மடியில் விழுந்தது.

சட்டென்று விரல் நுனியில் வெப்பம். அவன் மூச்சு.

ஓரங்களைத் தட்டிச் சீராக்கினாள். கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள். சரியாகப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டாள்.

ஓட்டையில் ஒரு வாய் வந்து ஒட்டியது. தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தது.

“இன்னும் கொஞ்சம் தோண்டு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் அசையவில்லை.

வாய் விலகியது. அந்த இடத்தில் ஒரு கண் வந்தது. வெளிச்சத்துக்குக் கூசி, சிமிட்டி, மெல்ல அவள் முகத்தில் நிலைத்தது.

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்தாள். மடியைத் தட்டினாள். ஒடிந்த பென்சிலைப் பல்லால் கடித்துக் கூர் எடுத்தாள்.

குற்றாலலிங்கம். வயது முப்பத்தொன்பது. நல்ல காற்று. கட்டில் தேவையில்லை.

எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன.

அவள் எழுதினால் பொய் இருக்காது என்று ஆஸ்பத்திரியில் பெயர். டாக்டர் இரண்டாம் முறை படிப்பதில்லை.

குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள். அது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.