நாய் பார்த்த அரசாங்கம்

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்ததும் ஓவியர் திருதிருவென்று விழித்தார். திட்டு வாங்கத் தயாராக வந்த மனிதர் அவர். சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. சோபாவுக்கு அடியில் கிடந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

ஓவியர் படம் போட்டுக் கொண்டுவந்த குழந்தைகள் புத்தகத்தின் கதாநாயகன் அந்த நாய்தான். எழுதியவர் அமைச்சர்; அதாவது, எழுதியதாக அட்டையில் போடப்போவது அவர் பெயரை. அமைச்சர் வீட்டு நாய் அவர் பின்னாலேயே போய், அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்கிறதாம். 'இதோ, சட்டமன்றம்! இங்கே மாமாக்கள் நமக்காக யோசிக்கிறார்கள், லொள் லொள்!' பக்கத்துக்குப் பக்கம் இதே லொள்தான். படித்த அன்று ஓவியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நரிக்கும் முயலுக்கும் படம் போட்டே தலை நரைத்தவர். இந்தக் கண்றாவியின் அட்டையில் தன் பெயர் வந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தார். ஆனால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. பதிப்பாளர் அவருடைய மச்சினன். "என் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க" என்று மனைவி ஒரே வரியில் வாயை அடைத்துவிட்டாள்.

ஆக, அமைச்சரே புத்தகத்தைத் தூக்கி எறிந்தால்தான் தப்பிக்கலாம். ஐயாவுக்குப் படம் பிடிக்கவில்லை, நான் என்ன செய்ய, என்று மச்சினனிடம் கையை விரித்துவிடலாம். ஓவியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், படத்தில் தன் கைவரிசையைக் காட்டினார்.

நாயின் உயரத்திலிருந்து பார்ப்பதால் பெரியவர்கள் யாருக்கும் முகம் கிடையாது; முழங்காலுக்குக் கீழேதான் மொத்த அரசாங்கமும். 'அமைச்சர் மக்களின் குறைகளைக் கேட்கிறார்' என்ற வரிக்கு, வாசலில் காத்துக் கிடக்கும் தேய்ந்த செருப்புகளை வரைந்தார். அவற்றைத் தாண்டி நாய் மட்டும் உள்ளே போகிறது. 'புதிய மருத்துவமனை வருகிறது' என்ற வரிக்கு, புல் முளைத்த ஓர் அடிக்கல். அதன் மேல் நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சட்டமன்றத்துக்கு இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய படம். புத்தகத்தின் நடு மடிப்புதான் நடைபாதை. வலது பக்கத்து ஆளுங்கட்சிக் கால்கள் நீட்டி நிமிர்ந்து தூங்கின. இடது பக்கத்துக் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. தூங்குகிற வரிசையில் முதலாவதாக, அமைச்சர் எப்போதும் போடும் அதே பழுப்பு நிற ஷூவை அச்சு அசலாக வரைந்து வைத்தார். எந்த மடையனுக்கும் இது உறைக்கும் என்று நம்பிக்கையோடுதான் வந்திருந்தார்.

இத்தனைக்கும் பிறகு மனிதர் சிரிக்கிறார். அடிக்கல் படத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிந்திக்க வைக்கிற படம் என்று பாராட்டு வேறு.

சட்டமன்றப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. அப்பாடா, உறைத்துவிட்டது என்று ஓவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மச்சினனிடம் காட்ட வேண்டிய சோக முகத்தைக்கூட மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அமைச்சர் பழுப்பு நிற ஷூவின் மேல் விரலை வைத்தார். "இது மட்டும் இங்க வேண்டாம். எடுத்து இந்தப் பக்கம் வைங்க" என்று இடது பக்கத்தைக் காட்டினார். "வேற எதையும் தொடாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

ஓவியர் குனிந்து பார்த்தார். அட, உண்மைதான். வலது பக்கத்தில் அந்த ஷூ மடிப்பை ஒட்டி இருந்தது; புத்தகத்தைத் தைத்தால் பாதி உள்ளே போய்விடும். இடது பக்கத்தில் ஓரமாக இடம் காலியாகத்தான் கிடந்தது. இத்தனை வருடத் தொழிலில் தனக்குத் தெரியாமல் போனது இந்த மனிதரின் கண்ணில் பட்டிருக்கிறது.

தன்னைக் கிண்டல் செய்கிற படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது, அதே படத்தில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்கவும் தெரிகிறது. இப்படிப்பட்டவரையா இவ்வளவு கேவலமாக நினைத்தோம் என்று ஓவியருக்குக் கூசியது. "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் ஐயா" என்று சொல்லியே விட்டார். அமைச்சர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்து, கதவுவரை வந்து அனுப்பி வைத்தார்.

வெளி வாசல்வரை கூட வந்தவர் அமைச்சரின் உதவியாளர். ஓவியர் பெயரையும் அட்டையில் பெரிதாகப் போடச் சொல்லி ஐயா உத்தரவு என்றார். ஓவியருக்கு இப்போது மறுக்கத் தோன்றவில்லை. நல்ல மனிதர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றுகூட நினைத்தார், போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று உதவியாளர் சொன்னபோதுதான் ஓவியர் திடுக்கிட்டார். "பள்ளிக்கூடம் தெறக்கவே இன்னும் ஒரு மாசம் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கேட்டார்.

உதவியாளர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஐயா எதிர்க்கட்சில சேர்றார்."