எல்லா மிஷினுக்கும் ரெண்டு சொட்டு

கம்ப்யூட்டரின் நெற்றியில் வைத்த ஆயுதபூசைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. மில் ஆட்களின் வருகைப் பதிவு மட்டும் திறக்கவில்லை.

“தற்காலிக ஆளுவ லிஸ்டு சாயங்காலத்துக்குள்ள எனக்கு வந்தாகணும்,” என்றார் மேனேஜர் தாணுமாலையன். “எண்ணூறு பேரு. நோட்டப் பாத்து எண்ணுனா மூணு நாளாகும். என்னத்தம்மா செஞ்சு வச்ச?”

“நான் ஒண்ணும் செய்யல சார்,” என்றாள் ஆபரேட்டர் சங்கரி. வயர்களைக் கழற்றி மாட்டினாள். நாலாவது முறையாக அணைத்துப் போட்டாள். “சாவி பிளாப்பி உள்ளதான் கெடக்கு. அதப் படிச்சாத்தான் சர்வர் எந்திரிக்கும். படிக்க மாட்டேங்கு.”

“இது ஓடலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்.”

வாசலில் எண்ணெய்க் குப்பியோடு மகாராஜன் நின்றிருந்தார். மிஷின்களுக்கு எண்ணெய் விடும் தற்காலிக ஆள் அவர். ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஞாயிறு தவிர ஒரு நாள் தவறியதில்லை. வாயைத் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் வேலை போகும்.

கம்ப்யூட்டர் விற்ற மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட மேனேஜர் போனதும் மகாராஜன் பைய உள்ளே வந்தார்.

“தாயி, நாந்தான் பாவி. பூசைக்கு முன்ன எல்லா மிஷினுக்கும் எண்ண விடுவேம்லா? இதுல வாயி மாதிரி ஒரு கீறல் தெரிஞ்சுது. இத மட்டும் விடுவானேன்னு ரெண்டு சொட்டு…”

சங்கரி பிளாப்பியை உருவினாள். எண்ணெய் மினுங்கியது.

“ஒன்ன ஏசுதாவ, பாத்துக்கிட்டு நிக்க முடியல. நானே சொல்லிருதேன் தாயி.”

காலடிச் சத்தம் கேட்டது. சங்கரி பிளாப்பியைத் தாவணியில் அழுத்தித் துடைத்தாள்.

“பிளாப்பி பூசணம் புடிச்சுப் போச்சு சார். புதுசு அனுப்பச் சொல்லணும்.”

“வெளங்காத பயலுவ, நல்லதாக் குடுத்தானுவளா!” மேனேஜர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே மறுபடி போனுக்குப் போனார். “அது வர ரெண்டு நாளாகுமே…”

மகாராஜனின் கண் கலங்கியது. “எனக்காவப் பொய் சொல்லிட்டியே தாயி. மொதலாளி சோத்தத் தின்னுட்டு அவரு லிஸ்டக் கெடுத்துட்டனே.”

“சும்மா இரும் அண்ணாச்சி. நானூத்தி எண்பது நாளு வேல பாத்தவர நிரந்தரமாக்கணும்னு சட்டம். அதுக்கு முன்னால யார யார நிறுத்தணும்னு பாக்கத்தான் அந்த லிஸ்டு.”

மகாராஜன் குப்பியைக் கீழே வைத்தார்.

“எனக்கு… எத்தன நாளு தாயி?”

“பூசைக்கு முன்னயே கம்ப்யூட்டர்ல பாத்து வச்சேன். இன்னையோட நானூத்தி எழுபத்தொம்பது.”